கடைசி மூச்சையும் முதல் மூச்சையும் ஒரே அளவுகோலால் அளக்க முடியாது

பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக வேலைக்குச் சேர்ந்தேன். சில வருடங்கள் கழித்துப் பெரியவர்களின் ஐசியுவுக்கு மாறினேன். இப்போது அந்த வேலையோடு மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவிலும் இருக்கிறேன். உயிர் எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது என்ற கேள்வி வகுப்பறையில் வருகிற மாதிரி எங்களிடம் வருவதில்லை. ‘இந்தக் குழாயை எடுத்துவிடலாமா?’, ‘இந்தக் குழந்தைக்கு மூச்சுக் கருவி வைக்கலாமா?’, ‘மிச்சமிருக்கிற கருக்களை என்ன செய்வது?’ என்றுதான் வரும். பல நேரம் அன்றைக்கே பதில் சொல்லியாக வேண்டும்.

இரண்டு பக்கமும் வேலை பார்த்ததில் ஒரு விஷயம் எனக்கு உறுதியாகப் பட்டிருக்கிறது. மூளை செயலிழந்தால் மரணம் என்று ஒத்துக்கொண்டோம், அப்படியானால் மூளை செயல்படத் தொடங்கும் நாளில்தான் மனித வாழ்வு தொடங்குகிறது என்று ஒரு வாதம் உண்டு. கேட்பதற்கு ஒழுங்காக இருக்கிறது. ஆனால் படுக்கை அருகே அது நிற்பதில்லை. சாகப்போகிறவருக்கு ஒரு கடந்த காலம் இருக்கிறது. அவர் பேசிய பேச்சு, அவருடைய பயம், பிடிவாதம், எதை அவமானமாக நினைத்தார் என்பதெல்லாம் யாருக்காவது தெரிந்திருக்கும். அவரிடம் கேட்க முடியாவிட்டாலும் அவருக்காகக் கேட்க முடியும். 23 வாரத்தில் பிறந்த குழந்தையைப் பற்றி அப்படிக் கேட்க எதுவும் கிடையாது. அதற்கு இருப்பது வரப்போகிற காலம் மட்டும்தான். அதனால் ஒரு பக்கம் ‘இவர் என்ன சொல்லியிருப்பார்?’ என்று கேட்க வேண்டும். இன்னொரு பக்கம் ‘இந்த உயிருக்கு நாம் என்ன செய்யக் கடமைப்பட்டிருக்கிறோம்?’ என்று கேட்க வேண்டும். இந்த இரண்டு கேள்வியும் இடம் மாறிப்போகிற குடும்பங்கள் படுகிற பாட்டைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முடிவில் இருந்தே ஆரம்பிக்கிறேன்.

மரணத்தை இவ்வளவு சிக்கலாக்கியது மூச்சுக் கருவி. 1952-இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருத்துவர் தொண்டையில் குழாய் போட்டுக் காற்றுப் பையை அழுத்தி நோயாளிகளுக்கு மூச்சுக் கொடுக்கலாம் என்று காட்டினார். மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் பையை அழுத்தினார்கள். இன்றைய ஐசியு அங்கிருந்துதான் வளர்ந்தது. அதுவரை மூச்சு நின்றால் சிறிது நேரத்தில் இதயமும் நிற்கும், கேள்விக்கே இடமில்லை. கருவி வந்த பிறகு, மூளை முழுதாக அழிந்தும் இதயம் துடித்துக்கொண்டே இருக்கிற உடல்கள் வரத் தொடங்கின. 1959-இல் மொலாரே, குலோன் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் இந்த நிலையை விவரித்தார்கள். 1967 டிசம்பரில் கேப் டவுனில் கிறிஸ்டியான் பர்னார்ட் முதல் இதய மாற்று அறுவைச் சிகிச்சை செய்தார். அடுத்த ஆண்டே ஹார்வர்டில் ஹென்றி பீச்சர் தலைமையிலான குழு, மீளாத மூளைச் செயலிழப்பை மரணமாகக் கொள்ளலாம் என்று அறிக்கை கொடுத்தது. உறுப்பு கிடைக்க வேண்டும் என்பதற்காகவே மரணத்தை மாற்றி எழுதிவிட்டார்கள் என்ற சந்தேகம் அன்றிலிருந்து இருக்கிறது. அந்த அறிக்கையே உறுப்புத் தேவையையும் ஒரு காரணமாகச் சொல்கிறது. ஆனால் கருவியோடு கிடத்தப்பட்ட உடல்கள் அதற்கு முன்பே இருந்தன. உறுப்பு மாற்று என்ற ஒன்றே இல்லாவிட்டாலும் இந்தக் கேள்வி நம்மிடம் வந்திருக்கும்.

புத்தகத்தில் இருக்கும் இந்த விளக்கம் எதுவும், கணவரின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிற ஒரு பெண்ணுக்கு உதவாது. “சிஸ்டர், கை சூடா இருக்கு. நெஞ்சு ஏறி இறங்குது. செத்துட்டார்னு எப்படிச் சொல்றீங்க?” என்று ஒருவர் என்னிடம் கேட்டார். அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி. அறிவுக்குத் தெரிந்தாலும் கண் ஒத்துக்கொள்ள மறுக்கிறது. எங்கள் மருத்துவர் அவரிடம், “அம்மா, அடுத்த சோதனையை நீங்களே பக்கத்தில் இருந்து பார்க்கிறீர்களா?” என்று கேட்டார். அவர் சரி என்றார்.

முதலில் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார்கள், கண்ணின் பாப்பா சுருங்கவில்லை. பஞ்சு நுனியால் கருவிழியைத் தொட்டார்கள், இமை அசையவில்லை. காதில் ஐஸ் தண்ணீர் விட்டார்கள், கண் திரும்பவில்லை. தொண்டைக் குழாய்க்குள் உறிஞ்சு குழாயை விட்டபோது இருமல் வரவில்லை. கடைசியாக மூச்சுச் சோதனை. நல்ல ஆக்சிஜன் கொடுத்துவிட்டுக் கருவியின் இணைப்பைக் கழற்றினோம். தொண்டைக் குழாய் வழியே ஆக்சிஜன் மட்டும் போய்க்கொண்டிருந்தது. மார்பின் மேல் இருந்த துணியை விலக்கிவிட்டு எல்லோரும் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றோம். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறஏற மூளைத்தண்டு ‘மூச்சு விடு’ என்று உத்தரவு போட்டாக வேண்டும். நம்மால் நினைத்தாலும் அடக்க முடியாத உத்தரவு அது. பத்து நிமிடம் போல ஆகியும் நெஞ்சு அசையவே இல்லை. ரத்தப் பரிசோதனையில் கார்பன் டை ஆக்சைடு 60 என்ற எல்லையைத் தாண்டியிருந்தது. அந்த அம்மா வேறு எதுவும் கேட்கவில்லை. அதுவரை ஏறி இறங்கியது கருவியின் வேலை என்பதை அவர் கண்ணால் பார்த்துவிட்டார்.

அன்றிலிருந்து, மூளைச்சாவு என்று மருத்துவர் சொன்னால் சோதனையைப் பக்கத்தில் இருந்து பார்க்க அனுமதி கேளுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். எல்லோராலும் தாங்க முடியாது, கட்டாயமும் இல்லை. குடும்பத்தில் ஒருவர் பார்த்தாலே போதும், மற்றவர்களுக்கு அவர் சொல்வார். ஒன்றை மட்டும் முன்னாலேயே தெரிந்துகொள்ளுங்கள். மூளைச்சாவு அடைந்த உடலில் கை சில நேரம் அசையும். அபூர்வமாக இரண்டு கையும் எழுந்து மார்பின் மேல் மடியும். அது முதுகுத்தண்டிலிருந்து வருகிற அனிச்சைச் செயல். முன்கூட்டிச் சொல்லாமல் விட்ட குடும்பம் அதைப் பார்த்துவிட்டால், பிறகு எந்த மருத்துவரையும் நம்பாது. நம்பச் சொல்லவும் முடியாது. அப்புறம், உறுப்பு தானம் பற்றிய பேச்சு வேறு ஒருவரிடமிருந்து, வேறு நேரத்தில் வர வேண்டும். மரணச் செய்தியும் தானக் கோரிக்கையும் ஒரே மூச்சில் வந்தால், ‘இதற்காகத்தான் சாவு என்கிறார்களோ’ என்ற எண்ணம் வருவது இயல்பு. அப்படி வந்தால், இதைப் பிறகு பேசலாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

மூளைச்சாவு என்ற எல்லைக்கோட்டை இயற்கை போட்டுக் கொடுக்கவில்லை, மனிதர்கள் யோசித்துப் போட்டார்கள். பிரிட்டனில் மூளைத்தண்டைப் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் 1981-ஆம் ஆண்டின் மாதிரிச் சட்டம் முழு மூளை என்கிறது. நியூ ஜெர்சி மாநிலம் மத நம்பிக்கையின் பேரில் மூளைச்சாவை மறுக்க இடம் தருகிறது. 2013 டிசம்பரில் கலிபோர்னியாவில் 13 வயதுச் சிறுமிக்கு மூளைச்சாவு என்று அறிவித்தார்கள். குடும்பம் ஏற்கவில்லை, அவளை நியூ ஜெர்சிக்குக் கொண்டுபோனார்கள். 2018-இல்தான் அங்கே அவள் இதயம் நின்றது. ஒரே சிறுமிக்கு இரண்டு மாநிலங்களில் இரண்டு இறப்புச் சான்றிதழ். மூளைச்சாவுக்குப் பிறகும் உடல் நீண்ட நாள் தாங்கிய நிகழ்வுகளை நரம்பியல் மருத்துவர் ஆலன் ஷூமன் 1998-இல் தொகுத்து எழுதியிருக்கிறார். உடல் தன்னை ஒருங்கிணைத்துக்கொள்ளும் திறன் மூளையோடு போய்விடுகிறது என்ற பழைய விளக்கம் அதோடு ஆட்டம் கண்டது.

இதெல்லாம் தெரிந்தும் நான் மூளைச்சாவை மரணமாகவே ஏற்கிறேன். அந்த மனிதர் இனி எதையும் உணரப்போவதில்லை, தானாக ஒரு மூச்சும் எடுக்கப்போவதில்லை. முறையாகச் செய்த சோதனைக்குப் பிறகு இது மாறியதில்லை. உடலின் சில வேலைகள் தொடர்வதை நான் மறுக்கவில்லை, ஆனால் நாம் நேசித்தவர் அந்த வேலைகளின் தொகுப்பு இல்லை. இதை ஏற்காத குடும்பத்தை அறியாமை என்று ஒதுக்கவும் எனக்கு மனம் வராது. தத்துவ அறிஞர்களே ஒருமித்துச் சொல்லாத விஷயத்தில், துக்கத்தில் நிற்கிறவர்களுக்குச் சில நாட்கள் கொடுப்பதில் என்ன குறைந்துவிடும்?

ஆனால் ஐசியுவில் மூளைச்சாவு குறைவுதான். நாங்கள் தினமும் பார்ப்பது வேறு. மூளை ஓரளவு இருக்கிறது, ஆள் இருக்கிறார், ஆனால் திரும்பி வருவது சந்தேகம். குடும்பங்கள் உடைந்துபோவது இங்கேதான்.

“கருவியை எடுத்தால் நாங்களே கொன்ற மாதிரி ஆகாதா?” என்ற கேள்வி ஏறக்குறைய எல்லாக் குடும்பத்திலும் வரும். ஆகாது. 1957-இலேயே போப் பன்னிரண்டாம் பத்திநாதர், வழக்கத்துக்கு மீறிய சிகிச்சையைத் தொடர்ந்தே ஆக வேண்டும் என்ற கடமை இல்லை என்று மயக்க மருத்துவர்களிடம் சொன்னார். 1976-இல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம், கேரன் ஆன் குவின்லன் என்ற இளம்பெண்ணின் மூச்சுக் கருவியை எடுக்க அவள் பெற்றோரை அனுமதித்தது. கருவியை எடுத்தார்கள். அவள் தானாக மூச்சு விட்டு 1985 வரை இருந்தாள். எனக்கு இந்த வழக்கு முக்கியம். கருவியை எடுப்பது கொலையாக இருந்தால் அவள் அன்றே செத்திருக்க வேண்டும். எடுத்த பிறகு என்ன ஆகிறது என்பதை நோயும் உடலும் தீர்மானிக்கின்றன. மருத்துவமனைகளில் நெறிமுறைக் குழு வேண்டும் என்ற யோசனை பரவியதற்கும் அந்தத் தீர்ப்பு ஒரு காரணம். நான் உட்காருகிற நாற்காலிக்கு ஒரு விதத்தில் அந்தப் பெண்ணுக்குத்தான் கடன்பட்டிருக்கிறேன்.

தொடங்காமல் விடுவதும் தொடங்கியதை நிறுத்துவதும் நெறிமுறைப்படி ஒன்றுதான் என்று பாடத்தில் சொல்வார்கள். வாதமாக அது சரி. ஒரு சிகிச்சை பயனில்லை என்றால், நேற்று தொடங்கினோமா இல்லையா என்பது இன்று அதைத் தொடரக் காரணம் ஆகாது. கைகளுக்கு அது ஒன்றாகப் படுவதில்லை. செவிலியராக எனக்கும் தெரியும். ஆனால் இதை ஏற்காவிட்டால் வரும் ஆபத்தைப் பாருங்கள். ‘ஒருமுறை வைத்தால் எடுக்கவே முடியாது’ என்று பயந்து, பிழைக்க வாய்ப்பிருக்கிறவருக்கே கருவி வைக்கத் தயங்குவார்கள். இதற்கு ஒரு நல்ல வழி உண்டு: காலக்கெடுவோடு முயற்சி. கருவியை வைக்கும்போதே மருத்துவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். இதனால் எந்த முன்னேற்றத்தை எதிர்பார்க்கிறோம்? எத்தனை நாளில் தெரியும்? தெரியவில்லை என்றால் அப்போது என்ன செய்வோம்? பதிலை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாள் வரும்போது, முடிவு திடீரென்று தலையில் விழுந்ததாக இருக்காது.

‘எல்லாம் செய்ய வேண்டுமா?’ என்று மருத்துவமனையில் யாராவது கேட்டால், உடனே ஆமாம் என்று சொல்லாதீர்கள். இந்தக் கேள்வியைக் கேட்பதை எங்கள் பிரிவில் நிறுத்தச் சொல்லி நான் விடாமல் பேசியிருக்கிறேன். எந்த மகன் ‘வேண்டாம்’ என்பான்?

பெரிய பக்கவாதம் வந்து கிடந்த ஒரு பெரியவரின் பிள்ளைகள் இப்படித்தான் எதிரெதிராக நின்றார்கள். மகள், “அப்பா படுத்துக் கிடக்கவே கூடாதுன்னு சொல்லியிருக்கார்” என்றார். மகன் விடவில்லை. “பேத்தி பள்ளிக்கூடம் போறதைப் பாத்துட்டுத்தான் போவேன்னு போன மாசம்கூடச் சொன்னார். அதையும் கேளுங்க” என்றார். இரண்டும் உண்மை. இரண்டும் அந்த மனிதர் சொன்னதுதான். நாங்கள் யார் சொல்வது சரி என்று போகாமல், அவர் எப்படிப்பட்டவர் என்று பேச வைத்தோம். எதில் சந்தோஷப்பட்டார், எதைத் தாங்க மாட்டார், உடம்பு முடியாமல் போன வேறு யாரையாவது பார்த்து என்ன சொன்னார் என்று பேச்சு போனது. கடைசியில் மகன் மருத்துவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “பேத்தியைக் கொண்டுவந்து காட்டினா அடையாளம் தெரியுமா சார்?” மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. “தெரியாது என்றுதான் நினைக்கிறேன் தம்பி.” அதற்குப் பிறகு அண்ணனுக்கும் தங்கைக்கும் வழக்கே இல்லை. அப்பாவின் இரண்டு பேச்சும் ஒரே பக்கம் சேர்ந்துவிட்டன. ஐசியுவில் நல்ல முடிவு என்பது பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. அவருக்கு எது முக்கியம் என்பதைக் குடும்பம் சொல்ல வேண்டும். அது இனி சாத்தியமா என்பதை மருத்துவர் மழுப்பாமல் சொல்ல வேண்டும்.

கருவியை எடுத்த பிறகு நோயாளி மூச்சுத் திணறலோடு போகக் கூடாது. மார்ஃபின் போன்ற வலி நிவாரண மருந்தை அளவறிந்து கொடுப்போம். ‘அந்த மருந்துதான் கொன்றது’ என்று பல குடும்பங்கள் காலம் முழுக்க நினைத்துக்கொண்டிருக்கின்றன. துன்பத்தைப் போக்கும் அளவுக்குக் கொடுக்கிற மருந்து சாவை வரவழைக்கக் கொடுப்பது இல்லை. நோக்கமும் அளவும் வேறு. சந்தேகம் இருந்தால் எதற்காக, எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று நேரடியாகக் கேளுங்கள். சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். நோய்த்தணிப்புச் சிகிச்சைக் குழு இருந்தால் கடைசி நாள் வரை காத்திருக்காமல் முன்பே கூப்பிடுங்கள். 1967-இல் லண்டனில், சாகப்போகிறவர்களைப் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் காப்பகத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், வலி என்பது உடம்பில் மட்டும் இல்லை, மனத்திலும் உறவிலும் நம்பிக்கையிலும் சேர்ந்தே இருக்கிறது என்றார். நான் பார்த்த வரை இது அப்படியே உண்மை.

பேச முடியாமல் போனால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கிற மருத்துவ உயில் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். அமெரிக்காவில் 1990-இல், நினைவு திரும்பாமல் கிடந்த நான்சி குரூசன் என்ற பெண்ணின் வழக்கில், அவள் விருப்பத்துக்குத் தெளிவான, உறுதியான சான்று வேண்டும் என்று ஒரு மாநிலம் கேட்கலாம் என உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2018-இல் இத்தகைய உயிலை ஏற்றது. 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது. எங்கே இருந்தாலும் அங்குள்ள விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில் படிவத்தைவிட முக்கியமானது, யாரை உங்கள் சார்பில் பேச வைக்கிறீர்கள் என்பதுதான். நெருக்கமான உறவாக இருப்பது மட்டும் போதாது. அழுதுகொண்டே ஆனாலும் நீங்கள் சொன்னதைச் சொல்லக்கூடியவர் வேண்டும். அவரிடம் ‘கருவி வேண்டாம்’ என்று மட்டும் சொல்லாதீர்கள்; நிமோனியாவுக்கு ஐந்து நாள் கருவியில் இருந்து எழுந்து வீட்டுக்குப் போகிறவர்களும் உண்டு. எந்த நிலையில் வாழ்வது உங்களுக்கு வாழ்வாக இருக்காது என்று சொல்லுங்கள்.

இதிலும் ஒரு கடினமான முடிச்சு இருக்கிறது. மறதி நோய் முற்றிய ஒரு மூதாட்டி எங்களிடம் வந்தார். நோய் வருவதற்கு முன், இப்படி ஆனால் எந்தச் சிகிச்சையும் வேண்டாம் என்று எழுதியிருந்தார். இப்போது அவருக்கு யாரையும் தெரியவில்லை. ஆனால் நாள் முழுக்க ஏதோ ஒரு ராகத்தை முனகிக்கொண்டு, சன்னல் வெயிலில் கையை நீட்டி நீட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நெஞ்சுச் சளி பிடித்துவிட்டது. ஆன்டிபயாடிக் கொடுப்பதா, எழுதியதை மதித்து விடுவதா? ரொனால்ட் டுவர்கின் என்ற சட்டத் தத்துவ அறிஞர், தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவுதான் அந்த வாழ்வின் சொந்தக்காரரின் முடிவு என்பார். ரெபெக்கா டிரெசர் என்ற சட்ட அறிஞர் அதை மறுத்து, இப்போது கண்முன்னே இருக்கிறவரின் நலனை எப்படிப் புறக்கணிப்பது என்று கேட்டார். எங்கள் குழுவில் பேச்சு சூடாகத்தான் போனது. கடைசியில் மாத்திரையாக ஆன்டிபயாடிக் கொடுக்கலாம், ஊசி, குழாய், ஐசியு எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்தோம். நான் டிரெசர் பக்கம். வெயிலைப் பார்த்துச் சிரிக்கிறவரிடமிருந்து, அவரே எழுதிய தாளைக் காட்டி அந்த வெயிலை எடுத்துக்கொள்ள என்னால் முடியாது. ஆனால் அவரைக் கட்டிப்போட்டுக் குழாய் செருகுவதற்கு அந்தத் தாள் தடையாக இருந்தது பெரிய உதவி. நீங்கள் எழுதும்போது, மறதி நோயில் நான் சந்தோஷமாக இருந்தால் என்ன, அவதிப்பட்டால் என்ன என்று தனித்தனியாக எழுதுங்கள். கிட்டத்தட்ட யாரும் எழுதுவதில்லை.

சரி, தொடக்கத்துக்கு வருகிறேன்.

23 வாரத்தில் பிறந்த குழந்தை ஒரு பெரியவரின் உள்ளங்கையில் படுத்துக்கொள்ளும். எடை அரைக் கிலோவை ஒட்டி இருக்கும். இமைகள் ஒட்டியிருக்கும். தோல் ஈரமாக, சிவப்பாக, உள்ளே ஓடும் ரத்தக்குழாய் தெரிகிற அளவுக்கு மெல்லியதாக இருக்கும். ஒட்டும் பட்டையைக் கழற்றினால் தோலும் சேர்ந்து வந்துவிடும். பிறந்தவுடன் துடைக்காமலேயே பாலித்தீன் பைக்குள் கழுத்து வரை வைப்போம், சூடு போய்விடாமல் இருக்க. 22 முதல் 24 வாரம் வரை உள்ள இந்த இடைவெளியில் என்ன செய்வது என்று நாடுகளும் மருத்துவமனைகளும் வேறு வேறாக முடிவு செய்கின்றன. கருப்பைக்கு வெளியே பிழைக்கும் வயது என்பது குழந்தையின் தன்மை மட்டும் இல்லை, பக்கத்தில் என்ன கருவி, எப்படிப்பட்ட ஆட்கள் இருக்கிறார்கள் என்பதையும் பொறுத்தது. அதனால்தான், பிழைக்கும் வயது வந்தால்தான் அது ஒரு நபர் என்ற வாதம் எனக்கு ஒப்பவில்லை. நல்ல மருத்துவமனைக்குப் பக்கத்தில் பிறந்தால் நபர், தூரத்தில் பிறந்தால் நபர் இல்லை என்று ஆகிவிடுமே!

இங்கே ‘இவன் என்ன சொல்லியிருப்பான்’ என்று கேட்க வழி கிடையாது. ஆனால் பெற்றோர் தங்களை அறியாமல் அதைத்தான் கேட்டுக்கொள்வார்கள். பதில் கிடைக்காமல், ‘நான்தான் இவன் விதியை எழுதுகிறேன்’ என்று நொறுங்கிப்போவார்கள். கேள்வியை மாற்றிக் கொடுக்க வேண்டும். இந்தச் சிகிச்சை இந்தக் குழந்தைக்குத் தருகிற துன்பத்துக்கு ஈடாக ஒரு வாழ்வு கிடைக்க நியாயமான வாய்ப்பு இருக்கிறதா? இதில் பெற்றோர் தனியாக நிற்க வேண்டியதில்லை. மருத்துவர் தன் பரிந்துரையை வெளிப்படையாகச் சொல்லலாம், சொல்ல வேண்டும். ‘நீங்களே முடிவு செய்யுங்கள்’ என்று ஒதுங்குவது மரியாதை போலத் தெரியும், உண்மையில் அது சுமையை இறக்கி வைத்துவிட்டுப் போவதுதான்.

எண்ணிக்கை சொல்லும்போது இரண்டு விதமாகவும் சொல்லச் சொல்லுங்கள். உதாரணத்துக்கு, பத்தில் நான்கு பிழைக்கும் என்பதும் பத்தில் ஆறு போய்விடும் என்பதும் ஒரே கணக்கு, மனத்தில் விழுகிற விதம் வேறு. பிழைத்தவர்களில் எத்தனை பேர் பெரிய குறைபாடு இல்லாமல் வளர்கிறார்கள் என்றும் கேளுங்கள். பொதுவான கணக்கைவிட அந்த மருத்துவமனையின் கணக்கு முக்கியம். தொடங்கிய சிகிச்சையை நிறுத்தலாம் என்பது இங்கும் பொருந்தும். பிறந்த அறையில் எடுத்த முடிவு கடைசி முடிவு இல்லை; மூளையில் பெரிய ரத்தக்கசிவு போல ஏதாவது வந்தால் மறுபடி உட்கார்ந்து பேசலாம்.

சிகிச்சை வேண்டாம், சும்மா சௌகரியமாக வைத்திருக்கலாம் என்று ஒரு தம்பதி முடிவு செய்தார்கள். குழந்தையைத் தாயின் வெறும் மார்பில் வைத்துப் போர்த்திவிட்டேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் இதயத் துடிப்பு இருந்தது. கால் மணிக்கு ஒருமுறை ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டு, “இருக்கிறான்” என்று மட்டும் சொல்வேன். அப்பா பெயர் வைத்தார். அந்தக் குழந்தை ஒரு நபரா என்று யாராவது அந்த அறையில் கேட்டிருந்தால் அந்தக் கேள்விக்கே அர்த்தம் இருந்திருக்காது. நபர் என்பதற்குத் தத்துவ நூல்கள் கேட்கிற தன்னுணர்வு, பகுத்தறிவு எதுவும் அவனிடம் இல்லை. அவனுக்கு நாங்கள் செய்ய வேண்டியது மட்டும் நிறைய இருந்தது: குளிர விடாமல் பார்த்துக்கொள்வது, வலி தெரியாமல் வைத்திருப்பது, தனியாக விடாமல் இருப்பது.

கருப்பைக்குள் இருக்கும் சிசுவின் விஷயத்தில் நிலைமை மாறுகிறது, ஏனென்றால் இன்னொருவரின் உடல் நடுவில் இருக்கிறது. டான் மார்க்விஸ் என்ற தத்துவ அறிஞர் 1989-இல் முன்வைத்த வாதம், கொலை தவறு என்பதற்குக் காரணம் ஓர் எதிர்காலத்தைப் பறிப்பது, அந்த எதிர்காலம் சிசுவுக்கும் உண்டு என்பது. ஜூடித் ஜார்விஸ் தாம்சன் என்ற இன்னொரு தத்துவ அறிஞர் 1971-லேயே வேறு பக்கத்திலிருந்து வந்தார். சிசு நபர் என்றே வைத்துக்கொண்டாலும், வாழும் உரிமை என்பது இன்னொருவரின் உடலைப் பயன்படுத்திக்கொள்ளும் உரிமை ஆகிவிடாது என்றார். இரண்டிலும் உண்மை இருப்பதாக நினைக்கிறேன். எதிர்காலம் உண்டு என்பதால் இழப்பு உண்மையான இழப்பு. உடல் அவளுடையது என்பதால் முடிவு அவளுடையது. ஸ்கேனில் கடுமையான குறை தெரிந்து கருக்கலைப்புக்கு வந்த பெண்களோடு உட்கார்ந்திருக்கிறேன். அது ஒன்றுமே இல்லை என்று அவர்களிடம் சொல்வதும் கொடுமை, கொலை என்று சொல்வதும் கொடுமை. அழவும் முடிவெடுக்கவும் அவர்களுக்கு ஒரே நேரத்தில் இடம் வேண்டும்.

ஆய்வகத்தில் இருக்கும் கரு இன்னும் முந்தைய கட்டம். 1978 ஜூலை 25-இல் உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தையான லூயிஸ் பிரவுன் பிறந்த பிறகு, உடலுக்கு வெளியே இருக்கிற கருவை என்ன செய்யலாம் என்று யாராவது விதி வகுக்க வேண்டியிருந்தது. பிரிட்டனில் மேரி வார்னாக் என்ற தத்துவ அறிஞரின் தலைமையிலான குழு 1984-இல் 14 நாள் எல்லையைச் சொன்னது. 1990-இல் அது சட்டமானது. ஏறக்குறைய அந்த நாளில்தான் கருவில் உடல் அச்சின் முதல் கோடு தோன்றும். அதற்கு முன்வரை ஒரு கரு இரண்டாகப் பிரிந்து இரட்டையர் ஆகலாம். ஒருவரா இருவரா என்றே முடிவாகாததை ஒரு நபர் என்று எப்படிச் சொல்வது என்பது இதற்குப் பின்னால் இருக்கிற வாதங்களில் ஒன்று. பல வருடம் இந்த எல்லை யாருக்கும் தொந்தரவாக இல்லை, ஏனென்றால் அத்தனை நாள் கருவை வளர்க்கவே முடியவில்லை. 2016-இல் 13 நாள் வரை வளர்த்துக் காட்டினார்கள். 2021-இல் தண்டுச் செல் ஆராய்ச்சிக்கான சர்வதேச அமைப்பு, 14 நாளைத் தாண்டுவதைத் தடைசெய்யப்பட்டவற்றின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. முடியாதபோது விதியை ஒத்துக்கொள்வது எளிது. முடிந்தபோதும் நிற்கிறதா என்பதுதான் சோதனை என்ற கவலை எனக்கு உண்டு.

செயற்கைக் கருத்தரிப்புக்குப் போகிறவர்கள், உறைய வைத்த கருக்கள் மிஞ்சினால் என்ன செய்வது என்ற பக்கத்தைக் கையெழுத்துப் போடும் அவசரத்தில் புரட்டிவிடாதீர்கள். வேறு தம்பதிக்குத் தருவதா, ஆராய்ச்சிக்கா, அழிப்பதா, பிரிந்துவிட்டால் யார் முடிவெடுப்பது என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். சிகிச்சைக்கு முன்பு ‘செல்கள்தானே’ என்று சொன்னவர்கள், குழந்தை பிறந்த பிறகு மிச்சமிருப்பவற்றை ‘அவன் தம்பி, தங்கை’ என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். மனம் மாறலாம். மாறினால் படிவத்தை மாற்றி எழுத முடியுமா என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு முனைகளும் ஒரே படுக்கையில் வந்து சேர்வதும் உண்டு. 2013 நவம்பரில் டெக்சாஸில் 14 வாரக் கர்ப்பிணி ஒருவர் மயங்கி விழுந்து மூளைச்சாவு அடைந்தார். இப்படிக் கருவியில் இருக்க அவள் விரும்ப மாட்டாள் என்றார் கணவர். கர்ப்பிணிக்கு உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்தச் சட்டம் இடம் தரவில்லை என்றது மருத்துவமனை. இறந்துவிட்டவருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014 ஜனவரியில் நீதிபதி சொன்ன பிறகே கருவியை எடுத்தார்கள். ஒரு பக்கம் சொல்லிவிட்டுப் போனவளின் சொல் இருந்தது, மறுபக்கம் ஒன்றும் சொல்ல முடியாத ஓர் எதிர்காலம். என்னைக் கேட்டால் அவளுடைய சொல்லிலிருந்துதான் தொடங்க வேண்டும். குழந்தைக்காகச் சில வாரம் இருக்கிறேன் என்று சொல்லியிருப்பாளா, மாட்டாளா என்பதே முதல் கேள்வி. ஆனால் கர்ப்பமாக இருக்கும்போது இப்படி ஆனால் என்ன என்று யாரும் நம்மிடம் கேட்பதில்லை, நாமும் எழுதுவதில்லை. அமெரிக்காவின் பல மாநிலங்களில் கர்ப்ப காலத்தில் மருத்துவ உயிலே செல்லாது என்று சட்டம் இருக்கிறது. நீங்கள் இருக்கும் இடத்தில் என்ன நிலை என்று விசாரியுங்கள். கருத்தரிக்கும் வயதில் இருக்கிற பெண்கள் உயில் எழுதினால், கர்ப்பத்துக்கென்று தனியாக ஒரு பத்தி எழுதுங்கள்: எந்த வாரத்துக்குப் பிறகு, எவ்வளவு காலம், குழந்தையின் நிலை எப்படி இருந்தால் என்று. எழுதியதைக் கணவருக்கும் அம்மாவுக்கும் சேர்த்தே படித்துக் காட்டுங்கள், ஏனென்றால் அந்த நேரத்தில் மருத்துவர் முன்னால் நிற்கப்போவது அவர்கள் இருவரும்தான்.